தைராய்டுக்காக வாங்கிய ஆர்.ஓ. இயந்திரம்: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பின் என் மதிப்பீடு

சாத்தூருக்கும் சிவகாசிக்கும் இடையிலுள்ள எங்கள் ஊரில் பெரும்பாலான வீடுகளில் ஆழ்துளைக் கிணறு உண்டு. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் தண்ணீர் சில நாட்களுக்கு ஒருமுறைதான் வரும் என்பதால், இடைப்பட்ட நாட்களில் குடிக்கவும் சமைக்கவும் போர் தண்ணீரையே நம்பியிருக்கிறோம். 14 மாதங்களுக்கு முன்பு, சமையலறைச் சுவரில் மாட்டும் ஆர்.ஓ. இயந்திரம் ஒன்றை 17,500 ரூபாய் கொடுத்து வாங்கினோம். எட்டு லிட்டர் தொட்டி, வண்டல் வடிகட்டி, கரி வடிகட்டி, ஆர்.ஓ. சவ்வு, புற ஊதா விளக்கு ஆகியவை அதன் உறுப்புகள். மணிக்குப் 12 லிட்டர் வரை சுத்திகரிக்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது. நிறுவனத்தின் பெயரை இங்கே நான் எழுதவில்லை. இதே உறுப்புகளை இதே வரிசையில் கோத்துப் பல பெயர்களில் விற்கிறார்கள். நான் சொல்லப்போகும் நிறையும் குறையும் இவ்வகை இயந்திரங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும்.

எனக்கு 11 ஆண்டுகளாகத் தைராய்டு சுரப்புக் குறைபாடு இருக்கிறது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் 75 மைக்ரோகிராம் தைராக்சின் மாத்திரை சாப்பிடுகிறேன். எங்கள் பகுதி நிலத்தடி நீரில் பெர்குளோரேட் என்னும் வேதிப்பொருள் கலந்திருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்து 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட செய்தியை மகள்தான் எனக்குப் படித்துக் காட்டினாள். அந்தப் பொருள் தைராய்டு சுரப்பியைத் தாக்கக்கூடியது என்று அறிந்ததும் இயந்திரம் வாங்குவது என்று முடிவாகிவிட்டது. விற்பனைக்கு வந்த இளைஞரிடம் இந்த அச்சத்தைச் சொன்னபோது, இதை மாட்டிவிட்டால் வீட்டில் யாருக்கும் தைராய்டு வராது, ஏற்கெனவே வந்தவர்களுக்கும் மாத்திரையின் அளவு குறைந்துவிடும் என்று அவர் உறுதியாகச் சொன்னார்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயந்திரத்தின் சவ்வு தன் வேலையை நன்றாகவே செய்கிறது. ஆனால் அதை எங்கள் வீட்டில் பொருத்திக் கொடுத்த முறை, நான் எதற்காக வாங்கினேனோ அந்தப் பயனில் ஒரு பகுதியைப் பறித்துவிட்டது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய எனக்கு நான்கு மாதங்கள் பிடித்தன. மேலும், விற்பனையாளர் சொன்ன பயன் எனக்குக் கிடைக்கவில்லை, கிடைக்கவும் வழியில்லை. இதனால் உண்மையில் பயன்பெறக்கூடியவள் இன்னும் குழந்தை பெறாத என் மகள்தான்.

பெர்குளோரேட் என்பது ஒரு குளோரின் அணுவைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் அணுக்கள் அமைந்த அயனி. எரிபொருளுக்கு ஆக்சிஜனைக் கொடுத்து வேகமாக எரியச் செய்யும் தன்மை இதற்கு உண்டு என்பதால் ராக்கெட்டின் திட எரிபொருளிலும் வாணவேடிக்கைப் பொருள்களிலும் இது சேர்க்கப்படுகிறது. இது தண்ணீரில் எளிதில் கரையும், மண்ணில் ஒட்டாது, நிறமோ மணமோ சுவையோ காட்டாது. ஆகவே, தரையில் சிந்தியது மழையோடு இறங்கிக் கிணற்றுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அமெரிக்காவில் நெவாடா மாநிலத்து ஹெண்டர்சன் நகரில் இயங்கிய பெர்குளோரேட் ஆலைகளிலிருந்து கசிந்தது கொலராடோ ஆற்றில் கலந்திருப்பது 1997-இல் தெரியவந்தது. பல மாநிலங்களுக்குக் குடிநீர் தரும் ஆறு அது. நமக்கு அருகிலேயே, கேரளத்தின் ஆலுவாவில், இஸ்ரோவின் அம்மோனியம் பெர்குளோரேட் ஆலையை ஒட்டிய கிணறுகளிலும் இது கண்டறியப்பட்டது. சிவகாசிப் பகுதி ஆய்வில், ஒரு பட்டாசு ஆலை வளாகத்தின் நிலத்தடி நீரில் லிட்டருக்குச் சில ஆயிரம் மைக்ரோகிராம் வரை இருந்தது. ஆனால் அதே ஆய்வில், ஆலைகளிலிருந்து விலகிய பல இடங்களின் நீரில் மிகச் சொற்ப அளவே இருந்தது. எங்கள் பகுதிக் கிணறுகள் எல்லாமே நஞ்சு என்று இதை வைத்து யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே இதையும் சேர்த்து எழுதுகிறேன்.

தைராய்டு சுரப்பி இரத்தத்திலிருந்து அயோடைடை உள்ளே இழுத்துக்கொள்வதற்கு அதன் செல்களின் மேற்சவ்வில் ஒரு புரதம் இருக்கிறது. அது சோடியத்தையும் அயோடைடையும் சேர்த்து உள்ளே கொண்டுபோகும் ஓர் இறைப்பான். உள்ளே போன அயோடினைக் கொண்டுதான் நான்கு அயோடின் அணுக்கள் உள்ள டி4 என்னும் தைராக்சினும், மூன்று அணுக்கள் உள்ள டி3-உம் உருவாகின்றன. பெர்குளோரேட் அயனி அளவிலும் மின்னூட்டத்திலும் அயோடைடை ஒத்திருப்பதால் அதே இறைப்பானில் போய் இடம்பிடித்துக்கொள்கிறது. அந்தப் புரதத்தின் மீது அயோடைடைவிட ஏறத்தாழ 30 மடங்கு வலுவாகப் பெர்குளோரேட் செயல்படும் என்பது 2004-இல் வெளியான ஆய்வகச் சோதனையின் முடிவு. மரவள்ளிக்கிழங்கிலிருந்தும் புகையிலைப் புகையிலிருந்தும் உடலில் சேரும் தயோசயனேட்டும், உரமிட்ட நிலங்களின் கிணற்று நீரில் மிகுந்திருக்கும் நைட்ரேட்டும் அதே இறைப்பானுக்குப் போட்டியிடுபவைதாம். அவற்றின் வலு குறைவு, ஆனால் நைட்ரேட் நம் தண்ணீரில் மில்லிகிராம் கணக்கில் இருக்கிறது என்பதை மறந்துவிடலாகாது. இந்தத் தடுக்கும் குணத்தை மருத்துவர்களும் பயன்படுத்தியிருக்கிறார்கள். 1950-களில், தைராய்டு மிகையாகச் சுரக்கும் நோயாளிகளுக்குப் பொட்டாசியம் பெர்குளோரேட்டே மருந்தாகக் கொடுக்கப்பட்டது.

அளவைப் பொறுத்தவரை, 2002-இல் அமெரிக்காவில் 37 தன்னார்வலர்களைக் கொண்டு நடத்திய சோதனைதான் இன்றும் அடிப்படையாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. 14 நாட்கள் பெர்குளோரேட் கலந்த நீரைக் குடித்த அவர்களில், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 7 மைக்ரோகிராம் பெற்றவர்களுக்குச் சுரப்பியின் அயோடின் ஏற்பு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. கருவிலுள்ள சிசுவை மனத்தில் கொண்டு, அதில் பத்தில் ஒரு பங்கான 0.7 மைக்ரோகிராமை 2005-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பாதுகாப்பான அளவாக ஏற்றது. குடிநீருக்கான வரம்போ இடத்துக்கு இடம் மாறுகிறது: மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லிட்டருக்கு 2 மைக்ரோகிராம், கலிபோர்னியாவில் 6, உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலில் 70. நம் நாட்டின் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500-இல் நைட்ரேட்டுக்கு 45 மில்லிகிராம் என்றும், ஃபுளோரைடுக்கு 1 மில்லிகிராம் என்றும் வரம்புகள் உண்டு. பெர்குளோரேட்டுக்கு வரம்பு இல்லை. அதனால்தான் நம் ஊர்களில் வழக்கமாகச் செய்யப்படும் தண்ணீர்ச் சோதனைப் பட்டியலிலும் அது இடம்பெறுவதில்லை.

இனி இயந்திரத்துக்கு வருகிறேன். விற்பனையாளர் செய்து காட்டிய செயல்விளக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு குவளைகளில் எங்கள் போர் தண்ணீரையும் சுத்திகரித்த தண்ணீரையும் ஊற்றி, மின்கம்பிகள் கொண்ட சிறு கருவியை இரண்டிலும் விட்டு மின்சாரம் பாய்ச்சினார். போர் தண்ணீர் சற்று நேரத்தில் செம்பழுப்பாகிக் கசடு மிதந்தது. மற்றது தெளிவாகவே இருந்தது. வீட்டார் அனைவரும் அதிர்ந்துபோனோம். ஆனால் அந்தக் கசடு தண்ணீரில் இருந்த அழுக்கு அன்று. உப்புள்ள நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் கருவியின் இரும்புக் கம்பி கரைந்து துருவாக வெளிப்படுகிறது. உப்புக் குறைந்த நீரில் மின்சாரம் பாயாததால் எதுவும் நிகழ்வதில்லை. சுத்தமான தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டாலும் அதே கசடு வரும். இந்த விளக்கத்தை நம்பி யாரும் வாங்க வேண்டாம், இதைப் பார்த்து ஏமாற்று என்று எண்ணி வாங்காமல் விடவும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சவ்வின் தரத்துக்கும் அந்தக் கருவிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இயந்திரத்தின் உறுப்புகளில் பெர்குளோரேட்டைத் தடுப்பது சவ்வு ஒன்றுதான். புற ஊதா விளக்கு கிருமிகளைக் கொல்லும். கரைந்த உப்பை அது தொடாது. சாதாரணக் கரி வடிகட்டியும் பெர்குளோரேட்டை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும். கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகி மீதியில் அதன் செறிவு கூடுமே தவிரக் குறையாது. கலங்கல் நீரைத் தெளியவைக்கும் நம் தேற்றான்கொட்டையும் இதற்கு உதவாது, ஏனெனில் இது மிதக்கும் துகளன்று, கரைந்த அயனி. நல்ல நிலையிலுள்ள ஆர்.ஓ. சவ்வோ பெர்குளோரேட்டில் 90 விழுக்காட்டுக்கும் மேல் தடுத்துக் கழிவு நீரோடு வெளியேற்றிவிடும். எனவே, போர் தண்ணீரில் இந்தப் பொருள் இருக்க வாய்ப்புள்ள ஊரில் வீட்டளவில் செய்யக்கூடிய தீர்வு ஆர்.ஓ. தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. வெறும் யு.வி. இயந்திரத்தையோ, மிகை நுண்வடிகட்டி மட்டும் கொண்ட இயந்திரத்தையோ இந்தக் காரணத்துக்காக வாங்குவது வீண்.

குறை எங்கே இருந்தது என்பதை விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இந்த மதிப்பீட்டை எழுதத் தூண்டியதே அதுதான். எங்கள் போர் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது ஒரு லிட்டரில் கரைந்துள்ள மொத்த உப்பின் மில்லிகிராம் அளவு, 1,180. இயந்திரம் பொருத்திய அன்று குழாயில் வந்த நீரில் 190 இருந்தது. தொழில்நுட்பப் பணியாளர் அதைக் காட்டி, இதற்குக் கீழே போனால் தண்ணீரில் சத்து இருக்காது, இதுதான் சரியான அளவு என்றார், நாங்களும் மகிழ்ந்தோம். ஆனால் அந்த 190 எப்படி வந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. இயந்திரத்துக்குள் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று ஒரு சிறு திருகு வால்வு இருக்கிறது. சவ்வு வழியே வரும் நீரில் உப்பு மிகக் குறைந்து சுவை சப்பென்று இருக்கும் என்பதால், சவ்வுக்குப் போகாத தண்ணீரில் ஒரு பகுதியை அந்த வால்வு பக்கவழியாகக் கொண்டுவந்து சுத்திகரித்த நீரோடு கலந்துவிடுகிறது. அதாவது உப்போடு சேர்ந்து, நான் எதை நீக்குவதற்காகப் பணம் கொடுத்தேனோ அதுவும் பின்வாசல் வழியாகத் திரும்பி வருகிறது.

எவ்வளவு திரும்பி வருகிறது என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். வால்வை முழுவதும் மூடிய பின் எங்கள் சவ்வு தந்த நீரில் டி.டி.எஸ். 70 இருந்தது. 70 உள்ள நீரோடு 1,180 உள்ள நீரைக் கலந்து 190 ஆக்க வேண்டுமானால், ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு, அதாவது 11 விழுக்காடு, சவ்வைத் தொடாத போர் தண்ணீராக இருக்க வேண்டும். சவ்வு பெர்குளோரேட்டில் 95 விழுக்காட்டைத் தடுப்பதாகக் கொண்டால், வால்வு மூடிய நிலையில் 100-க்கு 5 பங்கு மட்டுமே நம் குவளைக்கு வரும். வால்வு திறந்த நிலையில் அது 15 பங்குக்கும் மேலாகிவிடும். விலையுயர்ந்த சவ்வின் தரத்தை உயர்த்தியும் ஈடுசெய்ய முடியாத மூன்று மடங்கு வேறுபாட்டை ஒரு திருகைத் திருப்பியதால் நாங்கள் சுமந்திருக்கிறோம்.

டி.டி.எஸ். அளவுகோல் இதை ஒருநாளும் காட்டிக் கொடுக்காது. அந்தக் கருவி நீரின் மின்கடத்தும் திறனை அளந்து மொத்த உப்பை மில்லிகிராமில் தோராயமாகச் சொல்கிறது. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. பெர்குளோரேட்டின் வரம்புகளோ மைக்ரோகிராமில் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் தாராளமான 70 மைக்ரோகிராம்கூட அந்தக் கருவியின் மிகச் சிறிய எண்ணான ஒன்றில் பதினான்கில் ஒரு பங்குதான். டி.டி.எஸ். 150 என்று காட்டும் நீரில் வெறும் கால்சியமும் மக்னீசியமும் இருக்கலாம். வேண்டாத அயனியும் கலந்திருக்கலாம்.

எனக்குத் துணையாக வந்தது நைட்ரேட் சோதனை. நைட்ரேட்டும் பெர்குளோரேட்டைப் போலவே ஒற்றை எதிர்மின்னூட்டம் கொண்ட அயனி, ஆர்.ஓ. சவ்வைக் கடந்து நழுவுவதில் நைட்ரேட் பெரும்பாலும் ஒருபடி மேலானது. ஆகவே ஒரு சவ்வு நைட்ரேட்டை நன்றாகத் தடுக்கிறது என்றால் பெர்குளோரேட்டையும் தடுக்கிறது என்று கொள்ளலாம். இந்தச் சோதனையை மாவட்டத் தலைநகரங்களிலுள்ள தண்ணீர்ப் பரிசோதனைக் கூடங்களில் குறைந்த கட்டணத்தில் செய்துகொள்ளலாம். எங்கள் போர் தண்ணீரில் நைட்ரேட் 58 மில்லிகிராம் இருந்தது; தேசிய வரம்பான 45-ஐவிட அதிகம். வால்வு திறந்திருந்தபோது இயந்திர நீரில் 12, மூடிய பின் 6. 58, 12 என்ற முதல் இரு எண்களும் அடங்கிய தாளைக் காட்டிய பிறகுதான் சேவை மையத்தினர் வால்வை முழுவதும் மூடிக்கொடுக்க இசைந்தார்கள். அதற்கு முன் மூன்று முறை தொலைபேசியில் கேட்டபோதெல்லாம், மூடினால் எலும்பு தேய்ந்துவிடும் என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. நமக்குக் கால்சியம் கிடைப்பது முக்கியமாகப் பால், தயிர், கேழ்வரகு, கீரை, மீன் ஆகியவற்றிலிருந்து என்பதை நான் சொல்லியும் அவர்கள் கேட்கவில்லை. சுவைக்காகத் தாது உப்புக் குப்பி ஒன்றைச் சவ்வுக்குப் பின் பொருத்திக்கொண்டோம். அதற்கு 900 ரூபாய் ஆயிற்று. இதில் போர் தண்ணீர் கலப்பதில்லை, கால்சியமும் மக்னீசியமும் மட்டும் சிறிது கரைகின்றன. இப்போது சுவை நன்றாகவே இருக்கிறது.

கழிவு நீரைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். வாளி வைத்து அளந்ததில், ஒரு லிட்டர் நல்ல நீருக்கு எங்கள் இயந்திரம் ஏறத்தாழ இரண்டரை லிட்டரை வெளியே தள்ளுகிறது. தண்ணீரின் அருமை அறிந்த எங்கள் ஊரில் அதை வீணாக்க மனம் வராது. நான் முதலில் அதைக் கொல்லையிலுள்ள அரைக்கீரைப் பாத்திக்கும் பசலைக் கொடிக்கும்தான் பாய்ச்சினேன். சவ்வு தடுத்த அனைத்தும் செறிவாகச் சேர்ந்திருப்பது அந்த நீரில்தான். பெர்குளோரேட்டை வேர் வழியே எடுத்து இலைகளில் சேர்த்துவைக்கும் இயல்பு செடிகளுக்கு உண்டு, அதிலும் இலைக்காய்கறிகளில் அது மிகுதி என்று படித்த அன்றே நிறுத்திவிட்டேன். குவளையிலிருந்து நீக்கியதைத் தட்டில் எடுத்துவைப்பதைப் போன்றதுதான் அது. இப்போது அந்த நீர் கழிப்பறைக்கும் வாசல் கழுவுவதற்கும் போகிறது. இயந்திரத்தோடு வந்த கையேட்டில் கழிவு நீரைச் செடிகளுக்கு ஊற்றலாம் என்று படம் போட்டே சொல்லியிருக்கிறார்கள். போர் தண்ணீர் பயன்படுத்தும் வீடுகளுக்கு அந்த அறிவுரை பொருந்தாது.

மாத்திரையின் அளவு குறையும் என்று சொன்னார்களே, அது என்னவாயிற்று என்று கேட்பீர்கள். இயந்திரம் வந்த பின் மூன்று முறை டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு சுரப்பு குறைந்தால் இது உயரும்) பார்த்தேன், எதுவும் மாறவில்லை, அதே 75 மைக்ரோகிராம்தான். மருத்துவரிடம் கேட்டபோதுதான் காரணம் விளங்கிற்று. எனக்கு வந்தது ஆஷிமோட்டோ என்னும் தன்னெதிர்ப்பு நோய். உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைச் சிதைத்துவிட்டது. அயோடின் போதிய அளவு கிடைக்கும் இடங்களில் பெரியவர்களுக்கு வரும் தைராய்டு குறைபாட்டுக்கு இதுவே முதன்மைக் காரணம். பெர்குளோரேட் தடுப்பது சுரப்பிக்குள் அயோடின் நுழையும் வாயிலை. நான் சாப்பிடும் மாத்திரையிலோ நான்கு அயோடின் அணுக்களும் ஏறி முடிந்த ஹார்மோனே இருக்கிறது. அது அந்த வாயிலுக்குப் போக வேண்டிய தேவையே இல்லை. எனவே பெர்குளோரேட்டை நீக்கினாலும் நீக்காவிட்டாலும் என் மாத்திரையின் அளவில் அது எதிரொலிக்காது.

ஹார்மோன் உருவான பின் அது உடலில் கொண்டுசெல்லப்படுவதும், மாற்றப்படுவதும், கழிக்கப்படுவதும் வேறு கட்டங்கள். அங்கே குறுக்கிடும் வேதிப்பொருள்கள் வேறு. இரத்தத்தில் தைராக்சினைச் சுமந்து செல்லும் புரதங்களில் ஒன்றான டிரான்ஸ்தைரெட்டினில், பழைய மின்மாற்றி எண்ணெய்களில் இருந்த பி.சி.பி. என்னும் சேர்மங்களின் சிதைபொருள்கள் போய் ஒட்டிக்கொண்டு தைராக்சினின் இடத்தைப் பிடிக்கின்றன. டி4-இலிருந்து ஓர் அயோடினைக் கழற்றி டி3 ஆக்கும் நொதிகள் செலினியத்தைக் கொண்டவை. அவற்றின் வேலையையும் சில சேர்மங்கள் கெடுக்கின்றன. கல்லீரலில் தைராக்சினோடு குளுக்குரோனிக் அமிலத்தைச் சேர்த்துப் பித்தநீர் வழியே வெளியேற்றும் நொதிகளை இன்னும் சில பொருள்கள் முடுக்கிவிடுகின்றன. இந்தக் கடைசிக் கட்டம் என்னைப் போல் மாத்திரை சாப்பிடுபவர்களையும் பாதிக்கும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடோயின், கார்பமசெபின் ஆகிய மருந்துகளைத் தொடங்கும்போது தைராக்சின் அளவைக் கூட்ட நேர்வது மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி. அவை தைராக்சின் உடலிலிருந்து கழியும் வேகத்தைக் கூட்டிவிடுகின்றன. ஆனால் பி.சி.பி. போன்றவை நம்மை வந்தடைவது கொழுப்புள்ள மீன், இறைச்சி, வீட்டுத் தூசு ஆகியவற்றின் வழியாகவே. தண்ணீர் இயந்திரம் அவற்றில் தலையிட முடியாது. ஒட்டாத வாணலிப் பூச்சுத் தொழிலில் பயன்பட்ட பி.எஃப்.ஓ.ஏ. மட்டும் தண்ணீரோடும் நெருங்கிய தொடர்புடையது. அமெரிக்காவின் பார்க்கர்ஸ்பர்க் வட்டாரத்தில் அது கலந்த நீரைக் குடித்த மக்களை ஆராய்ந்த அறிவியலாளர் குழு, அதற்கும் தைராய்டு நோய்க்கும் தொடர்பிருக்க வாய்ப்பு மிகுதி என்று 2012-இல் முடிவு கூறியது. ஆர்.ஓ. சவ்வு அதையும் பெருமளவு தடுக்கும்.

அப்படியானால் இந்த இயந்திரம் யாருக்கு? கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் சிசுவுக்குச் சொந்தமாகத் தைராய்டு சுரப்பு கிடையாது. ஏறத்தாழ 12-ஆவது வாரத்தில்தான் அதன் சுரப்பி வேலையைத் தொடங்குகிறது. அதுவரை மூளை வளர்ச்சிக்குத் தேவையான ஹார்மோன் முழுவதும் தாயிடமிருந்தே போக வேண்டும். பெரியவர்களின் சுரப்பியில் சில மாதங்களுக்குப் போதுமான ஹார்மோன் சேமிப்பு இருக்கும். பிறந்த குழந்தையிடம் இருப்பது மிகச் சொற்பம். பாலூட்டும் தாயின் மார்பகத்திலும் அதே அயோடைடு இறைப்பான் இருப்பதால், பெர்குளோரேட் தாய்ப்பாலுக்குள் போகும் அயோடினைக் குறைப்பதோடு தானும் பாலில் கலந்துவிடுகிறது. அமெரிக்காவில் 2001-2002 ஆண்டுகளின் தேசிய உடல்நல ஆய்வுத் தரவை வைத்து 2006-இல் வெளியான பகுப்பாய்வில், சிறுநீரில் அயோடின் குறைவாக இருந்த பெண்களுக்குப் பெர்குளோரேட் கூடக்கூட டி4 குறைந்தும் டி.எஸ்.எச். உயர்ந்தும் காணப்பட்டது. ஆண்களிடம் அந்தத் தொடர்பு காணப்படவில்லை. ஆகவே, மகள் ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வரும்போது நல்ல தண்ணீர் இருக்க வேண்டும் என்று நான் போட்ட கணக்கே தவறு. அவள் வாழும் வீட்டில், அவள் கருவுறுவதற்கு முன்பே இந்த நீர் இருக்க வேண்டும்.

அயோடின் பற்றாக்குறையுள்ள உடலில் பெர்குளோரேட்டின் தாக்கம் கூடும் என்பதால், இயந்திரத்தோடு சேர்த்து உப்பையும் கவனிக்க வேண்டும். இரண்டும் ஒரே வாயிலுக்குப் போட்டியிடுகின்றன. அயோடின் போதுமானதாக இருந்தால் பெர்குளோரேட்டின் பிடி தளரும். அயோடின் சேர்த்த உப்பின் பயன்பாட்டில், 2018-19-இல் நடந்த தேசிய ஆய்வில் தமிழ்நாடே மாநிலங்களில் கடைசியாக இருந்தது. தூத்துக்குடி உப்பளங்கள் பக்கத்திலேயே இருப்பதால் அயோடின் சேர்க்காத கல்லுப்பு எங்கள் பகுதியில் மலிவாகக் கிடைக்கிறது. எங்கள் வீட்டிலும் நெடுங்காலம் அதுதான். சிரிக்கும் சூரியன் முத்திரையுள்ள பொட்டலத்தில், நுகர்வோர் கைக்கு வரும்போது கிராமுக்கு 15 மைக்ரோகிராம் அயோடினாவது இருக்க வேண்டும் என்பது விதி. பெரியவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் தேவை, கருவுற்றவருக்கு 250. உப்பை மூடிய புட்டியில் வைத்து, குழம்பை இறக்கும் தறுவாயில் போட்டால் இழப்பு குறையும். இதற்கு ஆகும் கூடுதல் செலவு மாதத்துக்குச் சில ரூபாய்தான். ஆனால் அயோடின் சொட்டு மருந்தையோ கடற்பாசி மாத்திரையையோ மருத்துவரைக் கேட்காமல் யாரும் தொடங்க வேண்டாம். மிகையான அயோடினும் சுரப்பியைக் கெடுக்கும்.

சேவையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதானால், ஓராண்டு இலவசப் பராமரிப்பில் இரண்டு முறை வந்து வண்டல், கரி வடிகட்டிகளை மாற்றினார்கள். சொன்ன நாளிலிருந்து ஒரு வாரம் தாமதமாக வந்தார்கள் என்றாலும் வேலை சுத்தமாக இருந்தது. எங்கள் நீரின் கடினத்தன்மையால் 13-ஆவது மாதத்தில் சவ்வில் உப்புப் படிந்து நைட்ரேட் 11-ஆக ஏறியது, டி.டி.எஸ். அப்போதும் 120-தான் காட்டியதால் சவ்வு நன்றாகவே இருக்கிறது என்றார்கள். நான் 2,400 ரூபாய் கொடுத்துச் சவ்வை மாற்றச் சொன்னேன். நைட்ரேட் மீண்டும் 6-க்கு இறங்கியது.

சென்ற மாதம் மகளின் வீட்டிலும் இதே இயந்திரத்தை வாங்கிப் பொருத்தினோம். வாங்கும்போதே இரண்டு வரிகளை ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டேன்: டி.டி.எஸ். கன்ட்ரோலர் வால்வு முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும். சுவைக்குத் தாது உப்புக் குப்பி மட்டுமே பொருத்த வேண்டும். பொருத்த வந்த பணியாளர் பழக்கத்தில் வால்வைத் திறந்தே வைத்திருந்தார். ரசீதையும் எங்கள் வீட்டு நைட்ரேட் தாள்களையும் காட்டியதும் அவற்றைப் பொறுமையாகப் படித்தார், வால்வை மூடினார், பிறகு தன் வீட்டு இயந்திரத்திலும் அதைப் பார்க்க வேண்டும் என்றார். அவருடைய மனைவிக்கு அப்போது மூன்றாம் மாதம்.